நான்கு கையா, மூன்று கையா? டிஎன்ஏ ஒட்ட ஒரு நடுத்துண்டு செய்த அனுபவம்

டிஎன்ஏ இழைகள் நான்கு ஒட்டிய ஒரு கரிம மூலக்கூறு எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழியாகத் தேறிவிட்டது. தைரியமாக இப்படிச் சொல்ல முடிவதற்குக் காரணம், அதில் இருப்பது நான்கு இழைகள்தான் என்று எண்ணிக் காட்டும் ஜெல் படம் (மூலக்கூறுகளை மின்சாரத்தால் ஓட்டி அளவுப்படி பிரித்த படம்) இப்போது கையில் இருக்கிறது. செய்வது ஒரு பங்கு வேலை என்றால், செய்தது நான்கு கையா (நடுத்துண்டிலிருந்து நீளும் ஒவ்வொரு கிளையும் ஒரு கை) மூன்று கையா என்று நிச்சயப்படுத்துவது மூன்று பங்கு. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எடை, சூடு, செலவு எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

யோசனை எங்களுடையது அல்ல. 1982இல் அமெரிக்க விஞ்ஞானி நெட் சீமன், டிஎன்ஏவைக் கிளைவிடச் செய்து கட்டமைப்புகள் எழுப்பலாம் என்று எழுதினார். அவருடைய கிளைகள் கூடும் சந்திப்புகள் முழுக்க டிஎன்ஏவால் ஆனவை. சந்திப்பில் விறைப்பான ஒரு கரிமத் துண்டை வைத்து, இழைகளை அதிலிருந்து நீட்டினால் கோணத்தை நாமே தீர்மானிக்கலாம் என்பது பின்னால் வந்த வேதியியலாளர்களின் வழி. 2004இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் கர்ட் கோதெல்ஃப் குழு, முனைகளில் சாலிசிலால்டிஹைடு வைத்த இருமுனை, மும்முனைத் துண்டுகளை டிஎன்ஏவின் வழிகாட்டலில் அருகருகே கொண்டுவந்து, எத்திலீன் டையமினும் மாங்கனீசும் சேர்த்து உலோக-சாலன் (உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் கரிம அமைப்பு) பிணைப்பாகப் பூட்டியது. 2009இல் ஜெர்மனியில் ரிஷெர்ட், ப்ரேஸ குழுக்கள் நான்முகி வடிவ நடுத்துண்டில் இரண்டே எழுத்து (A, T, G, C என்ற காரங்கள்) நீளமுள்ள டிஎன்ஏ கைகளை வைத்து, அதுவே திடப்பொருளாகச் சேர்வதைக் காட்டின. எங்களுக்கு வேண்டியதும் நான்முகிதான். ஆனால் கை ஒவ்வொன்றும் 14 எழுத்து நீளம்.

முதல் பாதை: அசெட்டிலீன் கைகள்

டெட்ராஃபீனைல்மீத்தேன் என்ற பழைய மூலக்கூறிலிருந்து ஆரம்பித்தோம். நடுவில் ஒரு கார்பன், அதைச் சுற்றி நான்கு பென்சீன் வளையங்கள். ட்ரைட்டைல் குளோரைடு 10 கிராம், அனிலின் 9 மிலி, மணல் தட்டில் 200 டிகிரிக்கு மேல். சில நிமிடங்களில் முழுவதும் ஊதா நிறக் கட்டியாக இறுகிவிடும். கலக்கி நின்றுபோவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆறியதும் கட்டியை உடைத்து மெத்தனாலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஊற்றி ரிஃப்ளக்ஸ் செய்து (ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவிட்டு) வடிகட்டினால் அமினோ சேர்மத்தின் உப்பு கிடைக்கும். அதை டிஎம்எஃப் கரைப்பானில் மிதக்கவிட்டு, மைனஸ் 15 டிகிரியில் கந்தக அமிலமும் ஐசோஅமைல் நைட்ரைட்டும் விட்டு, பிறகு ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் சேர்த்து 50 டிகிரிக்கு ஏற்றினால் நைட்ரஜன் பொங்கிக்கொண்டு வெளியேறும். குடுவை பாதிக்கு மேல் காலியாக இருக்கட்டும். எங்களுக்கு 9.4 கிராம் கிடைத்தது, 82 சதவீதம். உருகுநிலை 280 டிகிரிக்கு மேல் என்பதால் சாதாரண எண்ணெய்க் குளியலில் அதைச் சோதிக்கக் கிளம்பாதீர்கள்.

அடுத்தது புரோமின். கரைப்பானே இல்லை. டெட்ராஃபீனைல்மீத்தேன் 3 கிராமை 8 மிலி புரோமினில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். வெளியே வரும் ஹைட்ரஜன் புரோமைடுக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு பொறி கட்டாயம். புரோமினின் கொதிநிலை 59 டிகிரிதான். சென்னை ஆய்வகத்தில் ஏசி நின்றுபோனால் பாஸ்டர் பிப்பெட்டில் உறிஞ்சிய புரோமின் தன் ஆவி அழுத்தத்தாலேயே சொட்டிக்கொண்டு வரும். பிப்பெட்டையும் அளவு ஜாடியையும் முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. வினை முடிந்ததும் மைனஸ் 78 டிகிரிக்குக் குளிர்வித்து எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்கிறது செய்முறை. உலர்பனி எங்களுக்குச் சுலபத்தில் கிடைக்காது. எத்தில் அசிடேட்டில் திரவ நைட்ரஜனை ஊற்றிக் கிளறிக் கூழாக்கினால் மைனஸ் 84 வரும். நைட்ரஜன் வாரம் தவறாமல் வருகிறது என்பதால் இதுவே எங்கள் வழக்கம். நான்கு புரோமின் ஏறிய பொருள் 5.2 கிராம்.

இதுவரை எல்லாம் நன்றாகவே போனது. தலைவலி சோனோகாஷிராவில் (பலேடியத்தால் பென்சீன் வளையத்தில் அசெட்டிலீனை இணைக்கும் வினை) ஆரம்பித்தது. நான்கு புரோமின்களையும் ட்ரைமெத்தில்சைலைல் அசெட்டிலீனால் மாற்ற வேண்டும். அந்த அசெட்டிலீன் 53 டிகிரியில் கொதித்துவிடும், வினைக்கோ 80 டிகிரி தேவை. அதனால் சீல்டு டியூப். பலேடியமும் காப்பர் அயோடைடும் போட்டு, ஆர்கானால் காற்றை விரட்டி, இரண்டு இரவு ஓட்டினோம். ஹெக்சேனில் ஓட்டிய டிஎல்சி தகட்டில் (சிலிக்கா பூசிய, கலவையைப் புள்ளிகளாகப் பிரிக்கும் தகடு) அழகான ஒற்றைப் புள்ளி. சிலிக்கா நிரப்பிய காலம் (column) குரோமட்டோகிராபியில் ஒற்றைப் பட்டை. வெள்ளைப் படிகம்.

மூலக்கூறில் ஹைட்ரஜன்கள் இருக்கும் சூழலைக் கோடுகளாகக் காட்டும் என்எம்ஆர் வேறு கதை சொன்னது. நான்கு கைகளும் ஒரே மாதிரி இருந்தால் பென்சீன் பகுதியில் இரண்டே இரட்டைக் கோடுகள் வர வேண்டும். அவற்றின் அடியில் சின்னதாக இன்னொரு ஜோடி. மாஸ் (மூலக்கூறு எடை அளவீடு) எடுத்துப் பார்த்தால் நான்கு கைக்கு உரிய 705க்குப் பக்கத்தில் 688லும் ஒரு கூட்டம், அதில் புரோமினுக்கே உரிய இரட்டை உச்சி. மூன்று கை மாறி, நான்காவது இடத்தில் புரோமின் அப்படியே உட்கார்ந்திருக்கும் மூலக்கூறு அது. அளவு சுமார் 14 சதவீதம்.

இந்த 14 சதவீதத்தைப் பார்த்து வினை சரியாக ஓடவில்லை என்று நினைத்தால் தவறு. ஒரு கைக்கு 96 சதவீதம் வெற்றி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கும் வெற்றி பெறும் வாய்ப்பு 85 சதவீதம். மூன்று மட்டும் வெற்றி பெறுவது 14. சாதாரண வினையில் 96 என்றால் இனிப்பு வாங்கிக் கொடுப்போம். இங்கே அதே 96, ஏழில் ஒரு மூலக்கூறை ஊனமாக விடுகிறது. அதைவிட மோசமான விஷயம், அந்த ஊனத்தைப் பிரிக்க வழியில்லை. புரோமினும் சைலைல் அசெட்டிலீனும் இரண்டுமே எண்ணெய்ப் பசை உள்ளவை. சிலிக்காவுக்கு வித்தியாசம் தெரியாது. மறுபடிகமாக்கினால் இரண்டும் சேர்ந்தே படிகமாகின்றன. பலேடியத்தைக் கூட்டி இன்னும் ஒரு நாள் ஓட்டினால் அசெட்டிலீன்கள் தங்களுக்குள் இணைந்து கறுப்பாகிவிடுகிறது.

எங்கள் கைடு நோட்டுப் புத்தகத்தில் ஒரே வரி எழுதிவிட்டுப் போனார்: "நாலா மூணான்னு தெரியாம டிஎன்ஏ பக்கம் போகாதே." சரி என்று அயோடினுக்கு மாறினோம். டெட்ராஃபீனைல்மீத்தேனில் நேரடியாக அயோடினும் பிஸ்(ட்ரைஃப்ளூரோஅசிட்டாக்சி)அயோடோபென்சீனும் போட்டு 60 டிகிரியில் வைத்தால் நான்கு அயோடின் ஏறும். அயோடின் புரோமினைவிட வேகமாக மாறுகிறது, சோனோகாஷிரா அறை வெப்பத்திலேயே முடிந்துவிட்டது. ஊனக் கோடுகள் என்எம்ஆரில் தெரியவில்லை. அந்த அயோடின் வினைபொருள் விலை அதிகம். ஆனால் வேலை செய்தது. சைலைலை எடுத்துவிட்டால் நான்கு அசெட்டிலீன் கைகளோடு 416 எடையுள்ள சின்ன, விறைப்பான, அழகான நடுத்துண்டு.

ஆனால் அது தண்ணீரில் கரையாது. எதிர்பார்த்ததுதான், எவ்வளவு மோசம் என்பதுதான் எதிர்பாராதது. டிஎன்ஏ தண்ணீரை விட்டு வராது. அசெட்டிலீனும் அசைடும் (மூன்று நைட்ரஜன் கொண்ட குழு) தாமிரத்தின் உதவியால் ஒட்டிக்கொள்ளும் 'கிளிக்' வினைதான் திட்டம். அசைடு வைத்த டிஎன்ஏவைத் தண்ணீரிலும், நடுத்துண்டை டிஎம்எஸ்ஓ கரைப்பானிலும் கரைத்து ஒன்றாகச் சேர்த்தால் நீர்த்த பால் மாதிரி ஆகிவிடுகிறது. டிஎம்எஸ்ஓவை 70 சதவீதத்துக்குக் கூட்டினால் டிஎன்ஏ கீழே இறங்குகிறது. ஜெல்லில் ஒரு கை ஏறியதும் இரண்டு கை ஏறியதும் மட்டும் தெரிந்தன. நான்கு கை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கரைசலில் இருக்கும் நடுத்துண்டே எவ்வளவு என்று தெரியாதபோது எத்தனை மடங்கு டிஎன்ஏ போடுகிறோம் என்று எப்படிக் கணக்கிடுவது? அந்தப் பாதையை அங்கேயே விட்டோம்.

இரண்டாவது பாதை: ஃபீனால் கைகள்

இந்த முறை இரண்டு நிபந்தனைகளோடு உட்கார்ந்தோம். ஒன்று, கைகளில் பாலிஎத்திலீன் கிளைக்கால் (glycol) என்ற, தண்ணீரை விரும்பும் சங்கிலி இருந்தால்தான் தண்ணீரோடு ஒத்துப்போகும். இரண்டு, ஒரு கை விட்டுப்போனால் அந்த மூலக்கூறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்க வேண்டும். சிலிக்காவில் தனியாக நிற்க வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். நான்கு முறை நடக்க வேண்டிய வினையைத் தேர்ந்தெடுக்கும்போது விளைச்சலை மட்டும் பார்த்தால் போதாது, தோற்றுப்போன கை எப்படித் தோற்றமளிக்கும் என்றும் பார்க்க வேண்டும்.

நான்கு ஃபீனால் கொண்ட நடுத்துண்டு இந்த இரண்டுக்கும் பொருந்தியது. ஃபீனாலை ஆல்கைலேற்றும்போது (அதன் ஆக்சிஜனில் கார்பன் சங்கிலியை இணைக்கும்போது) ஒரு கை தப்பினால் அங்கே மிஞ்சுவது ஹைட்ராக்சில். சிலிக்கா அதை விடாது பிடித்துக்கொள்ளும். தகட்டை ஃபெரிக் குளோரைடில் முக்கினால் நிறம் வேறு காட்டும்.

இந்த நடுத்துண்டுக்கு டெட்ராஃபீனைல்மீத்தேன் வழியாக வரவில்லை. ட்ரைமெத்தாக்சிட்ரைட்டைல் குளோரைடு கடையிலேயே கிடைக்கிறது. டிஎன்ஏ தயாரிப்பவர்களின் ட்ரைட்டைல் பாதுகாப்புக் குழுக்களுக்கு உறவுக்காரப் பொருள். மூன்று வளையங்கள் ஏற்கனவே இருக்கின்றன, நான்காவதற்கு ஃபீனால். ஃபீனால் 41 டிகிரியில் உருகிவிடும் என்பதால் அதையே பத்து மடங்கு எடுத்துக் கரைப்பானாகவும் வைத்து 110 டிகிரியில் சூடாக்கினோம். ஆரஞ்சு-சிவப்பு நிறம் மெல்ல வெளுக்கும். மிச்ச ஃபீனாலைச் சூடான தண்ணீரால் பலமுறை கழுவி எடுக்க வேண்டும். கையுறை இரண்டு அடுக்கு போடுங்கள். உருகிய ஃபீனால் தோலில் பட்டால் முதலில் வலிக்காது, அதுதான் ஆபத்து.

மூன்று வளையங்களில் இருக்கும் மெத்தாக்சிகளையும் போரான் ட்ரைபுரோமைடால் வெட்டி ஃபீனாலாக்க வேண்டும். டைகுளோரோமீத்தேன், ஆறு மடங்கு, குளிர்ச்சியில் ஆரம்பித்து இரவு முழுவதும் அறை வெப்பத்தில். ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் ஊரில் இந்தப் பாட்டிலைத் திறந்தாலே புகை. மழை நாளில் வேண்டாம் என்று ஒரு நாள் தள்ளிப்போட்டோம். ஊசியும் செப்டமும் தவிர வேறு வழியில் எடுக்காதீர்கள். ஐஸில் கொட்டி முடித்ததும் என்எம்ஆர் பார்த்தபோதுதான் பாதை மாற்றியதன் பலன் தெரிந்தது. ஒரு மெத்தாக்சி வெட்டப்படாமல் இருந்தால் 3.7 பிபிஎம் அருகில் கூர்மையான ஒற்றைக் கோடு, மூன்று ஹைட்ரஜனுக்கு உரியது, சுற்றிலும் வேறு எதுவும் இல்லாத வெட்டவெளியில் நிற்கும். ஒரு சதவீதம் இருந்தாலும் கண்ணில் படும். எங்களுடையதில் கொஞ்சம் இருந்தது. எத்தில் அசிடேட்-ஹெக்சேன் காலத்தில் நல்ல இடைவெளியோடு முன்னால் இறங்கிவிட்டது.

கைகள்: டெட்ராஎத்திலீன் கிளைக்கால், ஒரு முனையில் அசைடு, மறுமுனையில் டோசிலேட் (ஃபீனால் வந்து ஒட்டும்போது கழன்றுகொள்ளும் குழு). கிளைக்காலைப் பத்து மடங்கு வைத்து ஒரு முனைக்கு மட்டும் டோசில் ஏற்றி, சோடியம் அசைடோடு எத்தனாலில் சூடாக்கி, மீண்டும் டோசில் ஏற்றினோம். சோடியம் அசைடு விஷயத்தில் சில வார்த்தைகள். அமிலம் படக்கூடாது, உலோகக் கரண்டி கூடாது, டைகுளோரோமீத்தேன் அருகிலேயே கூடாது. வெடிக்கும் டைஅசைடோமீத்தேன் உண்டாகும். அசைடு கட்டத்தில் பிரித்தெடுக்க எத்தில் அசிடேட்தான். அசைடு ஏறிய கிளைக்கால் தண்ணீரிலும் கரைவதால் உப்பைத் தெவிட்டும் அளவுக்குக் கரைத்துப் பலமுறை எடுக்க வேண்டியிருந்தது. ஒரு மூலக்கூறில் கார்பன், ஆக்சிஜன் எண்ணிக்கையின் கூட்டுத்தொகை நைட்ரஜனைப் போல மூன்று மடங்காவது இருந்தால் பயமில்லை என்பது அசைடு வேலையில் வழக்கமான கணக்கு. எங்கள் அசைடு ஏறிய கிளைக்காலுக்கு நான்கு மடங்கு. இரண்டு பக்கமும் அசைடு வைத்த சின்னக் கிளைக்கால்களை எங்கள் ஆய்வகத்தில் செய்வதில்லை. ட்ரைஎத்திலீன் கிளைக்கால் டைஅசைடுக்கு இந்தக் கணக்கு 1.3தான் வருகிறது. எதையும் வாலை வடிக்கவும் இல்லை.

சேர்ப்பு வினை: டெட்ராஃபீனால் 100 மிகி, டோசிலேட் 583 மிகி (ஆறு மடங்கு), சீசியம் கார்பனேட் 850 மிகி, டிஎம்எஃப் 5 மிலி, 75 டிகிரி. மறுநாள் காலை தகட்டை டைகுளோரோமீத்தேன்-மெத்தனால் 95:5இல் ஓட்டினோம். ஒரே தகட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஃபெரிக் குளோரைடிலும், மறுபாதியை முதலில் ட்ரைஃபீனைல்பாஸ்ஃபீனிலும் பிறகு நின்ஹைட்ரினிலும் முக்கினோம். பாஸ்ஃபீன் அசைடை அமினாக மாற்றும், நின்ஹைட்ரின் அமினை ஊதாவாக்கும். மேலே இருந்த புள்ளி இரண்டாவது பாதியில் மட்டும் நிறம் காட்டியது: நான்கு கை. சற்று கீழே இருந்தது இரண்டு பாதியிலும் காட்டியது: அசைடும் உண்டு, ஃபீனாலும் உண்டு, அதாவது மூன்று கை. முதல் பாதையில் கிடைக்காத பதில், இங்கே பத்து நிமிடத்தில்.

காலத்தில் இறக்கி 198 மிகி நிறமற்ற எண்ணெய் கிடைத்தது, 64 சதவீதம். குறைவாகத் தெரியலாம். நான்கு கைக்குப் பகிர்ந்தால் ஒரு கைக்குக் கிட்டத்தட்ட 90 வருகிறது. சோனோகாஷிராவின் 96ஐவிட இது குறைவுதான். ஆனாலும் எனக்கு இந்த 90 தான் வேண்டும். மிச்சம் பத்து என்ன ஆனது என்று தெரிகிறதே. சோடியம் சேர்ந்த மாஸ் 1211.6, கணக்குக்குச் சரி. மூன்று கையையும் தூக்கி எறியாமல் தனிக் குப்பியில் வைத்தோம். அது பின்னால் மிகவும் உதவியது.

டிஎன்ஏ ஏற்றுவது

இந்த இடத்தில் அளவு சட்டென்று மாறிவிடும். நடுத்துண்டு 1.19 மிகியை 1 மிலி டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 1 மில்லிமோலார். ஒரு வினைக்குத் தேவை 2 நானோமோல், அதாவது அதில் 2 மைக்ரோலிட்டர். 198 மிகியை வைத்து எண்பதாயிரம் வினைகள் போடலாம். கிராம் கணக்கில் உழைத்துவிட்டு கண்ணுக்குத் தெரியாத அளவில் செலவழிப்பது கரிம வேதியியலில் வளர்ந்தவனுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

செலவும் இங்கேதான். நடுத்துண்டுக்கும் கைகளுக்கும் வாங்கிய வேதிப்பொருள்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 30,000 ரூபாய். டிஎன்ஏவுக்கு எங்களுக்கு வந்த பில்லில் சாதாரண எழுத்து ஒன்றுக்கு 20 ரூபாய்க்குள்தான். 5′ முனையில் ஹெக்சைனில் என்ற அல்கைன் (அசெட்டிலீன் வகைக் குழு) வைக்க மட்டும் ஓர் இழைக்கு நான்காயிரத்துக்கு மேல், எச்பிஎல்சி (உயர் அழுத்தத்தில் ஓட்டும் குரோமட்டோகிராபி) சுத்திகரிப்புக்குத் தனிக் கட்டணம். 200 நானோமோல் அளவில் ஆர்டர் போட்டால் சுத்திகரித்த பின் கைக்கு வருவது அதில் பாதிகூட இல்லை. அசைடை நடுத்துண்டிலும் அல்கைனை டிஎன்ஏவிலும் வைத்ததற்குக் காரணம், டிஎன்ஏ தயாரிப்பில் வரும் பாஸ்பரஸ் சேர்மங்கள் அசைடைத் தாக்கும். அல்கைனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முதல் பாதையில் அசைடு டிஎன்ஏ வேண்டும் என்று அமினோ இழை வாங்கி அதன்மேல் அசைடு ஏற்றிய கூடுதல் வேலை இங்கே மிச்சம்.

இழை வந்ததும் அதைத் தண்ணீரில் மட்டும் கரையுங்கள். உயிரித் தொழில்நுட்பப் பிரிவில் எல்லோரும் டிஇ பஃபரில் கரைப்பார்கள், கம்பெனிச் சீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அதில் ஈடிடிஏ இருக்கிறது. அது தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கிளிக் வினை அசையாது.

ஓடிய கலவை, மொத்தம் 60 மைக்ரோலிட்டர்: டிஎன்ஏ 12 நானோமோல் (கைக்கு ஒன்றரை மடங்கு), நடுத்துண்டு 2 நானோமோல், டிஎம்எஸ்ஓ பாதி, ட்ரைஎத்திலம்மோனியம் அசிடேட் பஃபர் பிஎச் 7, தாமிர சல்பேட் 0.5 மில்லிமோலார், டிஎச்பிடிஏ லிகண்டு (தாமிரத்தோடு பிணைந்து நிற்கும் துணை மூலக்கூறு) அதைப் போல ஐந்து மடங்கு, கடைசியில் அப்போதே கரைத்த சோடியம் அஸ்கார்பேட் 5 மில்லிமோலார். அஸ்கார்பேட்டுக்கு முன் ஆர்கானை மெல்லிய ஊசியால் மேற்பரப்பில் ஊதினோம். லிகண்டு இல்லாமலோ காற்றோடோ விட்டால் தாமிரமும் ஆக்சிஜனும் சேர்ந்து டிஎன்ஏவையே வெட்டும். ஜெல்லில் பட்டைக்குப் பதில் இழுவல் தெரிந்தால் காரணம் இதுதான்.

கலவை தெளிவாக இருந்தது, பால் நிறம் இல்லை. கிளைக்கால் கைகள் வேலை செய்துவிட்டன. ஆனால் ஜெல்லில் இரண்டு கையும் மூன்று கையும் ஓங்கியிருந்தன, நான்கு கை மெல்லிய கோடு. எதிர்மின்சுமை உள்ள இழைகள் மூன்று ஏற்கனவே தொங்கும் இடத்துக்கு நான்காவது இழை வரத் தயங்குகிறது. பஃபரோடு சோடியம் குளோரைடு 200 மில்லிமோலார் சேர்த்ததும் நிலைமை மாறியது. மறுநாள் காலை தாமிரமும் அஸ்கார்பேட்டும் இன்னொரு தவணை கொடுத்தபின் நான்கு கைப் பட்டையே மிகத் தடிமன். உப்பை இன்னும் கூட்டினால் டிஎம்எஸ்ஓவில் டிஎன்ஏ கலங்க ஆரம்பிக்கிறது, அதனால் அதோடு நிறுத்தினோம்.

பிரிக்க, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்கும் 12 சதவீத யூரியா ஜெல். பட்டையைப் பார்க்கச் சாயம் போட்டால் பொருள் வீணாகும் என்பதால், ஜெல்லை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஒளிரும் டிஎல்சி தகட்டின்மேல் வைத்து 254 நானோமீட்டர் கைவிளக்கை அடித்தோம். டிஎன்ஏ உள்ள இடம் பச்சைப் பின்னணியில் கறுப்பு நிழலாக விழுகிறது. ஜெல் ஓட்டக் கற்றுக்கொடுத்த பக்கத்துத் துறை அக்கா தங்கள் தகடு தீர்ந்துவிட்டது என்று எங்களிடம் கடன் கேட்டார். டிஎல்சி தகட்டுக்கு உயிரியலில் இப்படி ஒரு வாழ்க்கை இருப்பது அன்றுதான் தெரியும். பட்டையை வெட்டி, நசுக்கி, 0.3 மோலார் சோடியம் அசிடேட்டில் இரவு ஊறவிட்டு, எத்தனாலில் வீழ்படிவாக்கினால் நடுத்துண்டின் கணக்கில் 35 சதவீதம். மாஸ் 18,900 அருகில் வந்தது. மேட்ரிக்ஸாக 3-ஹைட்ராக்சிபிக்கோலினிக் அமிலம். இந்த எடையில் உச்சி அகலமாகத்தான் வரும், அதைப் பார்த்து நான்கு கை என்று சத்தியம் செய்ய முடியாது.

எண்ணிப் பார்த்தது

அதனால்தான் ஜெல்லிலேயே எண்ணினோம். நான்கு கை மூலக்கூறைக் குழாய்களில் சம அளவு எடுத்து, இணை இழையை (கையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தி ஒட்டும் டிஎன்ஏ இழை) 0, 1, 2, 3, 4, 5 மடங்கு சேர்த்து, 90 டிகிரித் தண்ணீர் நிரப்பிய தெர்மோஸ் பிளாஸ்கில் மிதக்கவிட்டு இரவில் தானாக ஆறவிட்டோம். பிசிஆர் கருவியில் மெதுவாக இறக்கலாம், ஆனால் அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். டிஏஇ பஃபரில் மெக்னீசியம் 12.5 மில்லிமோலார் சேர்த்து, யூரியா இல்லாத 8 சதவீத ஜெல், குளிர் அறையில். இணை இழை ஒவ்வொன்றாக ஏற ஏற மூலக்கூறு மெதுவாகும். மொத்தத்தில் ஐந்து நிலைகள் தெரிந்தன: வெறும் மூலக்கூறு, அதற்கு மேல் நான்கு படிகள். ஐந்து மடங்கு போட்ட குழியில் மிக மேல் படி மட்டும், கூடவே அடியில் மிஞ்சிய இணை இழை.

ஐந்து நிலை என்பது மட்டும் எனக்குப் போதவில்லை. காலத்தில் ஒதுக்கி வைத்த மூன்று கை நடுத்துண்டை எடுத்து அதே கிளிக், அதே பிரிப்பு, அதே தெர்மோஸ் வழியில் கொண்டுபோய்ப் பக்கத்தில் ஓட்டினோம். அதில் நான்கே நிலைகள். இந்த ஒப்பீடு இல்லாமல் படி எண்ணிக்கையை யாரும் கேள்வி கேட்கலாம். இருந்தால் கேட்க முடியாது. நடுத்துண்டில் மூன்று கை கலந்தே வந்திருந்தால், ஜெல்லில் தெரியும் மூன்று கைப் பட்டை நடுத்துண்டின் குறையா கிளிக் வினையின் குறையா என்று பிரித்துச் சொல்லவும் முடிந்திருக்காது.

அப்புறம் இணை வரிசை கொண்ட இன்னொரு நான்கு கை மூலக்கூறு செய்து இரண்டையும் சமமாகக் கலந்தோம். கலவை ஜெல் குழியை விட்டு நகரவே இல்லை. அது டிஎன்ஏ இணைந்ததாலா, நடுத்துண்டுகள் எண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டதாலா என்ற சந்தேகம் வரும். ஒரே வரிசை கொண்ட மூலக்கூறை மட்டும் இரண்டு மடங்கு எடுத்து ஓட்டினால் வழக்கம்போலக் கீழே இறங்குகிறது. கலவையைச் சுழற்றி மேல் நீரை, டிஎன்ஏ ஒளியை உறிஞ்சும் 260 நானோமீட்டரில் பார்த்தால் உறிஞ்சல் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. 70 டிகிரிக்கு ஏற்றினால் திரும்ப வருகிறது, ஆறவிட்டால் மறுபடி குறைகிறது. உள்ளே ஒழுங்கான வலைப்பின்னலா, வெறும் சிக்கலா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. 14 எழுத்துக் கைகளின் இறுக்கமான பிணைப்பில் தவறாகச் சேர்ந்தது திருந்தி அமைய வாய்ப்புக் குறைவு என்பதால், ஒழுங்கை எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த தடவை மாற்றப்போவது: கை நீளத்தை ஆறு எழுத்தாகக் குறைக்க வேண்டும், அப்போதுதான் மெதுவாக ஆறும்போது தவறுகள் கழன்று சரியாகும். டோசிலேட்டை எட்டு மடங்காக்கிச் சேர்ப்பு வினையை இன்னும் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். எச்பிஎல்சி சுத்திகரிப்புக்குக் காசு கொடுக்காமல் உப்பு நீக்கிய இழையே வாங்கலாம்; எப்படியும் கடைசியில் யூரியா ஜெல்லில் பிரிக்கத்தானே போகிறோம். நடுத்துண்டின் டிஎம்எஸ்ஓ கரைசலை 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20இல் இருட்டில் வைத்திருக்கிறோம். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்த பங்கில் டிஎம்எஸ்ஓ ஈரத்தை இழுத்துச் செறிவு மாறுகிறது, ஒரு முறை திறந்ததை மறுபடி உள்ளே வைப்பதில்லை. ஆறு எழுத்து இழைகளுக்கு ஆர்டர் போட்டாயிற்று. மூன்று கை நடுத்துண்டும் கூடவே ஓடும்.